ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து ஜாம்பேசி வரை: நான்கு நாடு, ஐந்து பார்டர், ஒரே கார் – முழுமையான வழிகாட்டி

"தென்னாப்பிரிக்காவிலிருந்து ஜாம்பேசி ஆற்றின் விக்டோரியா அருவிக்குக் காரிலேயே போய்வர முடியுமா?" என்று கேட்கும் நண்பர்கள், அடுத்த கேள்வியாக ரோடு எப்படி, சிங்கம் வருமா என்றுதான் கேட்கிறார்கள். பார்டரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இந்தச் சுற்றை நான்கு முறை ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்: ரோடு பெரும்பாலும் கைவிடாது. பயணம் நின்றுபோனால் அது கவுன்டரில்தான் நிற்கும், அதுவும் ஒரு காகிதம் இல்லாததால். அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் காகிதத்தைப் பற்றித்தான் இருக்கும். விலங்குகளும் அருவியும் தாமாகவே வந்து சேரும்.

முதல் படி: சுற்றை முடிவு செய்யுங்கள்

நான் பரிந்துரைக்கும் பாதை இது. ஜோகன்னஸ்பர்க்கில் கிளம்பி என்1 நெடுஞ்சாலையில் மோகோபானே, அங்கிருந்து என்11-இல் லிம்போபோ ஆற்றங்கரையிலுள்ள குரோப்ளர்ஸ் பிரிட்ஜ் பார்டர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் போட்ஸ்வானா. அவர்கள் அந்த பார்டரை மார்ட்டின்ஸ் டிரிஃப்ட் என்பார்கள். பிறகு பலாப்யே, ஃபிரான்சிஸ்டவுன், நாட்டா, கசானே. கசானேவுக்கு அருகில் கசுங்குலா பாலம் ஏறி ஜாம்பியாவின் லிவிங்ஸ்டன். அங்கிருந்து பழைய இரும்புப் பாலத்தில் ஜிம்பாப்வே. விக்டோரியா ஃபால்ஸ் ஊர், ஹ்வாங்கே, புலவாயோ பார்த்துவிட்டு, பிளம்ட்ரீ வழியாக மறுபடி போட்ஸ்வானா, கடைசியாக அதே லிம்போபோ பாலம்.

புலவாயோவிலிருந்து நேராகத் தெற்கே இறங்கி பைட்பிரிட்ஜ் வழியாகவும் தென்னாப்பிரிக்கா வரலாம். ஒரு பார்டர் குறையும், 24 மணி நேரமும் திறந்திருக்கும். ஆனால் இந்தப் பிராந்தியத்தின் லாரிப் போக்குவரத்தில் பெரும்பகுதி அந்த ஒரே வாசல் வழியாகத்தான் போகிறது. டிசம்பர் மாதத்திலும் ஈஸ்டர் விடுமுறையிலும் அங்கே மாட்டினால் ஒரு பகலே போய்விடும். ஒரு பார்டர் கூடினாலும் பிளம்ட்ரீதான் என் தேர்வு.

வசதியான செய்தி ஒன்று: நான்கு நாடுகளிலும் நம் ஊர் மாதிரியே இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். நான்கிலும் ஒரே நேரம்தான், கடிகாரத்தைத் தொட வேண்டாம். இந்திய நேரத்துக்கு மூன்றரை மணி பின்னால்.

நாள் கணக்கு: 12 முதல் 14 நாள் வைத்துக்கொள்ளுங்கள். எட்டு நாளில் முடிக்கிறேன் என்று கிளம்புபவர்கள் காரைத்தான் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

மே முதல் அக்டோபர் வரை வறண்ட காலம். விலங்குகள் ஆற்றோரம் கூடும், கொசு குறைவு. அருவியில் தண்ணீர் உச்சத்தில் இருப்பது ஏப்ரல் வாக்கில். அக்டோபர், நவம்பரில் ஜாம்பியா பக்கம் பல இடங்களில் வெறும் பாறை தெரியும், ஜிம்பாப்வே பக்கம் அப்போதும் தண்ணீர் விழுந்துகொண்டிருக்கும். இரண்டுக்கும் ஈடுகொடுக்கும் மாதங்கள் ஜூன், ஜூலை.

இரண்டாம் படி: பாஸ்போர்ட், விசா

பார்டருக்கு ஒரு வெளியேறும் ஸ்டாம்ப், ஒரு நுழையும் ஸ்டாம்ப். ஐந்து பார்டருக்குப் பத்து ஸ்டாம்ப், அதற்கு மேல் விசா ஒட்டும் பக்கங்கள். பாஸ்போர்ட்டில் காலிப் பக்கம் குறைவாக இருந்தால் கிளம்புவதற்கு முன்பே புதிது எடுத்துவிடுங்கள். பயணம் முடிந்த பின்னும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும்.

இந்திய, இலங்கை பாஸ்போர்ட்காரர்கள் முதலில் கவனிக்க வேண்டியது தென்னாப்பிரிக்க விசா எத்தனை நுழைவுக்கானது என்பது. இந்தச் சுற்றில் நீங்கள் தென்னாப்பிரிக்காவுக்குள் இரண்டு முறை நுழைகிறீர்கள்: விமானத்தில் ஒரு முறை, காரில் ஒரு முறை. ஒற்றை நுழைவு விசாவோடு லிம்போபோவைக் கடந்துவிட்டால் திரும்பி வர வழியில்லை. விண்ணப்பிக்கும்போதே பல நுழைவு கேளுங்கள், முழுப் பயணத் திட்டத்தையும் கூடவே வையுங்கள். பக்கத்து நாட்டுக்குப் போய் வந்தால் தங்கும் நாள்கள் புதிதாகத் தொடங்கும் என்றும் நம்பாதீர்கள். முன்பு கொடுத்ததில் மிச்சமிருப்பதைத்தான் வழக்கமாகக் கொடுப்பார்கள்.

போட்ஸ்வானா, ஜாம்பியா, ஜிம்பாப்வே மூன்றுக்குமான விதி பாஸ்போர்ட்டுக்குப் பாஸ்போர்ட் வேறு. அடிக்கடி மாறவும் செய்கிறது. நண்பர் போன வருடம் எப்படிப் போனார் என்பதை வைத்து முடிவு செய்யாமல், மூன்று நாட்டு அரசு இணையதளங்களிலும் உங்கள் பாஸ்போர்ட்டுக்கு என்ன என்று பாருங்கள். ஜாம்பியா, ஜிம்பாப்வே இரண்டுக்கும் சேர்த்து காசா யூனிவிசா என்று ஒன்று உண்டு. 50 டாலர், 30 நாள். பட்டியலில் உள்ள நாட்டினருக்கு மட்டும் கிடைக்கும். அது கையில் இருந்தால் இரண்டு நாடுகளுக்கும் இடையே போய்வரலாம், கசுங்குலா வழியாகப் போட்ஸ்வானாவுக்கு ஒரு பகல் போய்விட்டும் திரும்பலாம். உங்களுக்குத் தகுதி இருந்தால் கவுன்டரில் பெயர் சொல்லிக் கேளுங்கள். கேட்காவிட்டால் சாதாரண ஒற்றை நுழைவு விசாவே கிடைக்கக்கூடும்.

பிள்ளைகளோடு போகிறவர்கள் பிறப்புச் சான்றிதழின் அசலை எடுத்துக்கொள்ளுங்கள், ஆங்கிலத்தில். தாய் தந்தையில் ஒருவர் வராவிட்டால் அவருடைய சம்மதக் கடிதம், உறுதிமொழிப் பத்திரமாக. பிள்ளைக் கடத்தலைத் தடுக்க வந்த விதி இது, தென்னாப்பிரிக்காவும் போட்ஸ்வானாவும் இதில் கறாரானவை. அதிகாரி கேட்காமல் விட்ட பயணமும் உண்டு, இருபது நிமிடம் படித்துப் பார்த்த பயணமும் உண்டு.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டையும் பைலில் இருக்கட்டும். ஒரு முறை போட்டால் வாழ்நாள் முழுக்கச் செல்லும், ஆனால் பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது போட்டிருக்க வேண்டும். கசானேயிலிருந்து ஹ்வாங்கே வரை மலேரியாப் பகுதி. டாக்டரிடம் கேட்டுத் தடுப்பு மாத்திரையைக் கிளம்பும் முன்பே தொடங்குங்கள்.

மூன்றாம் படி: காரின் காகிதங்கள்

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

எல்லா நாட்டுச் சுங்க அதிகாரிக்கும் உங்கள் காரைப் பற்றிய கவலை ஒன்றே ஒன்று: இது திருட்டுக் காரா, அல்லது உள்ளே கொண்டுவந்து விற்றுவிடப் போகிறீர்களா? அவர் கேட்கும் ஒவ்வொரு காகிதமும் இந்தச் சந்தேகத்தைத் தீர்க்கத்தான். இது மனதில் பதிந்துவிட்டால் எந்தக் காகிதம் எதற்கு என்று தானாகவே விளங்கும்.

வாடகைக் கார் என்றால், பார்டர் தாண்டும் அனுமதிக் கடிதம் வாங்க வேண்டும். புக் செய்யும்போதே எந்தெந்த நாடு என்று சொல்லிவிடுங்கள். போட்ஸ்வானா என்றால் சரி என்பவர்கள்கூட ஜாம்பியா, ஜிம்பாப்வே என்றால் தயங்குவார்கள். சிலர் மறுப்பார்கள், சிலர் தனிக் கட்டணம் கேட்பார்கள். கடிதம் தயாராகச் சில நாள் ஆகும். அதில் நான்கு நாடுகளின் பெயர், பயணத் தேதி, ஓட்டுபவர்கள் எல்லோருடைய பெயர், வண்டி எண், இன்ஜின் எண், சேஸிஸ் எண் எல்லாம் இருக்க வேண்டும்.

காரை எடுக்கும் இடத்திலேயே பானெட்டைத் திறந்து, கடிதத்தில் உள்ள எண்ணை இன்ஜினில் உள்ள எண்ணோடு ஒவ்வோர் எழுத்தாகச் சரிபாருங்கள். என் முதல் பயணத்தில் கடிதத்தில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. இரண்டு பார்டரில் யாரும் கவனிக்கவில்லை. மூன்றாவதில் ஒரு போலீஸ்காரர் டார்ச் அடித்துப் பார்த்தார். திருத்திய கடிதம் மின்னஞ்சலில் வந்து, அதை அச்சடிக்க ஓர் இடம் தேடிப் பிடித்து முடிப்பதற்குள் நான்கு மணி நேரம் ஆகிவிட்டது. குழந்தை வெயிலில் அழுதுகொண்டிருந்தது. அந்த அதிகாரி மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, அவர் தன் வேலையைச் செய்தார்.

சொந்தக் காராக இருந்தால் ஆர்.சி.யின் சான்றளித்த நகல். கடன் பாக்கி இருந்தால் காரின் சட்டப்படியான உரிமையாளர் வங்கிதான், அதனால் வங்கியின் அனுமதிக் கடிதமும் வேண்டும். இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் நான்கு நாடுகளின் பெயரையும் எழுதி வாங்குங்கள்.

காரின் பின்னால் 'இசட்.ஏ.' என்ற நாட்டு அடையாள ஸ்டிக்கர் ஒட்டியிருக்க வேண்டும். உங்கள் ஊர் லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் கையில் வையுங்கள். இந்தியாவில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கிடைக்கும், ஒரு வருடம் செல்லும்.

இனி, பார்டரில் கிடைக்கும் காகிதங்கள். தென்னாப்பிரிக்காவும் போட்ஸ்வானாவும் 1910-இல் உருவான ஒரே சுங்க ஒன்றியத்தில் இருக்கின்றன. நமீபியா, லெசோத்தோ, எஸ்வாட்டினி ஆகியவையும் அதில் உண்டு. அதனால் தென்னாப்பிரிக்கக் காருக்குப் போட்ஸ்வானாவில் சுங்கத் தொல்லை குறைவு. சாலை அனுமதிக் கட்டணம் கட்டினால் போதும். ஜாம்பியாவும் ஜிம்பாப்வேயும் அந்த ஒன்றியத்துக்கு வெளியே. அங்கே காரைத் தற்காலிகமாக இறக்குமதி செய்வதாகவே கணக்கு. அதற்கான அனுமதியை எல்லோரும் டி.ஐ.பி. என்பார்கள். அதோடு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ், இன்ஜின் அளவுக்கேற்ற கார்பன் வரி, சாலைக் கட்டணம்.

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். நுழையும்போது டி.ஐ.பி. வாங்குகிறார்கள், வெளியேறும்போது அதைச் சுங்கக் கவுன்டரில் காட்டி முடித்துவைக்காமல் கேட்டைத் தாண்டிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் அந்த நாட்டுக் கணக்கில் உங்கள் கார் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. இறக்குமதி வரி, அபராதம் என்று பின்னால் கேள்வி வரும். வாடகைக் காராக இருந்தால் அது உங்கள் கார்டில்தான் வந்து விழும்.

எல்லாவற்றையும் உள்ளே இருப்பது தெரியும் உறைகள் கொண்ட ஒரே பைலில் வையுங்கள். நாட்டுக்கு ஓர் உறை. ஒவ்வொன்றிலும் மூன்று ஜெராக்ஸ். போனில் இருக்கிறது என்ற பேச்சு கவுன்டரில் எடுபடாது.

நான்காம் படி: காரில் என்ன, என்ன வேண்டாம்

இரண்டு முக்கோண எச்சரிக்கைப் பலகை, தீயணைப்பான், ஒளிரும் மேல்சட்டை இரண்டு, நல்ல ஸ்டெப்னி, ஜாக்கி. ஜிம்பாப்வே சாலைச் சோதனையில் இவற்றைக் கேட்பார்கள். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று கிளம்பும்போதே பாருங்கள். சொந்த கேமரா, லேப்டாப் போன்றவை விலை உயர்ந்தவையாக இருந்தால், வெளியேறும்போதே தென்னாப்பிரிக்கச் சுங்கத்தில் பதிந்துவிடுங்கள். திரும்பும்போது புதிதாக வாங்கியதா என்ற கேள்வி வராது.

ராணுவ உடை போன்ற பச்சைத் திட்டுத் துணி வேண்டவே வேண்டாம், குழந்தையின் தொப்பியில்கூட. ஜிம்பாப்வேயில் பொதுமக்கள் அணிவது சட்டவிரோதம். மருந்துகளை டாக்டர் சீட்டோடு, அசல் அட்டையில் வையுங்கள். நம் வீட்டில் சளிக்கு வைத்திருக்கும் இருமல் மருந்தில் டைஃபென்ஹைட்ரமின் இருக்கிறதா என்று லேபிளைப் படியுங்கள். ஜாம்பியாவில் அது கட்டுப்படுத்தப்பட்ட மருந்து, அதை வைத்திருந்ததற்காகவே பயணிகள் கைதாகியிருக்கிறார்கள்.

சமைத்துச் சாப்பிடுபவர்கள் ஜோகன்னஸ்பர்க்கின் ஃபோர்ட்ஸ்பர்க்கில் அரிசி, பருப்பு, மசாலா எல்லாம் வாங்கிக்கொள்ளலாம். கடைப் பாக்கெட்டைப் பிரிக்காதீர்கள். பெயர் எழுதாத பையில் கட்டிய சாம்பார்ப் பொடியை அதிகாரிக்கு விளக்குவது நீண்ட வேலை. இறைச்சி, பால், பழம், கறிவேப்பிலை எதையும் போட்ஸ்வானாவுக்குள் கொண்டுபோகாதீர்கள், பறித்துவிடுவார்கள். மாட்டிறைச்சி ஏற்றுமதி அந்த நாட்டின் பெரிய வருமானம். கோமாரி நோய் பரவினால் அது நின்றுபோகும். அதனால்தான் நாட்டுக்குள்ளேயே கால்நடை வேலிகளும் சோதனைச் சாவடிகளும் வைத்திருக்கிறார்கள். காரை நிறுத்தி, சக்கரத்தை மருந்துநீரில் உருட்டச் சொல்வார்கள், செருப்பையும் அதில் மிதித்துவிட்டு வரச் சொல்வார்கள். பெட்டிக்குள் இருக்கும் மாற்றுச் செருப்பையும் சில இடங்களில் கேட்பார்கள்.

ஐந்தாம் படி: பணம்

போட்ஸ்வானாவில் புலா. அந்தச் சொல்லுக்கு மழை என்று பொருள். பெரும்பகுதி கலஹாரி மணலாக இருக்கிற நாட்டில் பணத்துக்கு மழை என்று பெயர் வைத்தவர்களை எனக்குப் பிடிக்கும். ஜாம்பியாவில் குவாச்சா. ஜிம்பாப்வேயில் 2024 ஏப்ரலில் ஜிக் என்ற புது நாணயம் வந்தது, ஆனால் பயணிக்கு அமெரிக்க டாலர்தான் கைகொடுக்கும். 1, 5, 10 டாலர் நோட்டுகள் நிறைய வேண்டும், சில்லறை கிடைப்பது அரிது. கிழிசல், அழுக்கு, பழைய வரிசை நோட்டுகளை வாங்க மறுப்பார்கள். பார்டர் வாசலில் நோட்டுக் கற்றையோடு நிற்பவர்களிடம் மாற்றாதீர்கள்.

ஆறாம் படி: பார்டர்களைக் கடப்பது

எல்லா பார்டரிலும் வரிசை ஒன்றுதான். வெளியேறும் நாட்டில் இமிக்ரேஷன், பிறகு கஸ்டம்ஸ், பிறகு வண்டிச் சோதனை. நுழையும் நாட்டில் அதே மூன்றும் மறுபடி. சில இடங்களில் கேட் பாஸ் என்று ஒரு துண்டுச் சீட்டு கொடுப்பார்கள். கவுன்டருக்குக் கவுன்டர் அதில் முத்திரை வாங்கி, கடைசியில் கேட்டில் நிற்பவரிடம் கொடுக்க வேண்டும். அது தொலைந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

காரை நிறுத்தியதும் சிலர் ஓடிவந்து, படிவம் நிரப்பித் தருகிறேன் என்பார்கள். கழுத்தில் அட்டைகூடத் தொங்கும். கும்பிட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டு நேராகக் கட்டடத்துக்குள் போங்கள். பாஸ்போர்ட்டைச் சீருடை இல்லாத யார் கையிலும் கொடுக்காதீர்கள். உள்ளே போனதும் முதலில் வணக்கம் சொல்லுங்கள். போட்ஸ்வானாவில் ஆணுக்கு 'துமேலா ர்ரா', பெண்ணுக்கு 'துமேலா ம்மா'. இங்கே நலம் விசாரிக்காமல் வேலையைப் பேசுவது மரியாதைக் குறைவு. போட்டோ எடுக்காதீர்கள்.

குரோப்ளர்ஸ் பிரிட்ஜ் இரவில் மூடிவிடும். விடியற்காலை கிளம்பி, மதியத்துக்குள் அங்கே இருங்கள். நானூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். மழைக்காலத்தில் லிம்போபோ பெருகினால் பாலம் மூழ்கி பார்டரையே மூடுவார்கள், அதனால் கிளம்புமுன் செய்தி பாருங்கள். முதல் இரவு பலாப்யேயில் தங்கலாம். பக்கத்து செரோவேக்கு அப்பால் காமா காண்டாமிருகச் சரணாலயம் இருக்கிறது, அங்கே தங்கினால் இன்னும் நல்லது.

இரண்டாம் நாள் நாட்டா வரை. அங்கே டேங்கை நிரப்பிவிடுங்கள். அடுத்த 300 கிலோமீட்டர் கசானே வரை ஏறக்குறைய நேர்கோடு, நடுவில் பண்டமட்டெங்கா தவிரப் பெரிதாக ஊர் இல்லை. யானைகள் உண்டு. போட்ஸ்வானாவில் ஏறக்குறைய 1,30,000 யானைகள், இந்த ரோட்டுக்கு வேலி கிடையாது. ஒன்று ரோட்டைக் கடந்தால் இன்னும் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தள்ளியே நிறுத்துங்கள், இன்ஜினை அணைக்காதீர்கள், ஹாரன் அடிக்காதீர்கள். குட்டியோடு வந்த ஒரு கூட்டம் எங்களை முக்கால் மணி நேரம் நிறுத்திவைத்தது. பயணத்திலேயே நல்ல முக்கால் மணி நேரம் அதுதான்.

கசானேயில் இரண்டு இரவாவது தங்கி, சோபே ஆற்றில் மாலைப் படகு போங்கள். பிறகு கசுங்குலா பாலம். 923 மீட்டர், 2021 மே 10-இல் திறந்தது. அதற்கு முன் மிதவைப் படகுதான். லாரிகள் நாள்கணக்கில் கரையில் காத்துக் கிடக்கும். பாலம் நேராக இல்லாமல் வளைந்து போவதைப் பார்ப்பீர்கள். ஜிம்பாப்வே எல்லையைத் தொடாமல் கட்டியதால் அந்த வளைவு. சற்று மேற்கே நமீபியாவின் ஒல்லியான வால் முனை. ஜாம்பேசி ஆறுவரை எட்ட வேண்டும் என்று 1890 ஒப்பந்தத்தில் ஜெர்மனி வாங்கிய துண்டு அது. போட்ஸ்வானா, ஜாம்பியா, ஜிம்பாப்வே, நமீபியா நான்கும் ஆற்றின் ஒரே வளைவில் முட்டிக்கொண்டு நிற்பதற்கு அந்தப் பேரமும் ஒரு காரணம்.

இங்கே இரு நாட்டு வேலையும் ஒரே கட்டடத்தில் முடியும். ஜாம்பியா போகிறவர்கள் பாலத்தைத் தாண்டி, அந்தப் பக்கக் கட்டடத்தில் முதலில் போட்ஸ்வானா கவுன்டர், பிறகு ஜாம்பியா கவுன்டர். வரிசை மாறாதீர்கள். பாலச் சுங்கம், சாலைக் கட்டணம், கார்பன் வரி, இன்சூரன்ஸ், டி.ஐ.பி. என்று ஒவ்வொன்றும் தனி ஜன்னல், தனி ரசீது. எல்லா ரசீதும் வாங்கியாகிவிட்டதா என்று எண்ணிப் பாருங்கள். வழியில் போலீஸ் கேட்கும்.

லிவிங்ஸ்டனிலிருந்து ஜிம்பாப்வே போகும் பாலம் 1905-இல் கட்டியது. ஆற்றுக்கு மேலே 128 மீட்டர் உயரத்தில் நிற்கும் இரும்பு வளைவு. நடந்து போய்ப் பாலத்தை மட்டும் பார்த்துவிட்டு வரவும் சீட்டுத் தருகிறார்கள். காரோடு கடப்பதற்கு முந்தின நாள் அப்படி நடந்து பாருங்கள். அருவியின் பெயர் உள்ளூரில் 'மோசி ஓவா துன்யா', முழங்கும் புகை. 1,700 மீட்டருக்கு மேல் அகலம், 108 மீட்டர் ஆழம். சாரல் மழையாகக் கொட்டும், பாஸ்போர்ட்டை விடுதியிலேயே பத்திரமாக வைத்துவிட்டுப் போங்கள். நனைந்த விசாவுக்கு அடுத்த கவுன்டரில் இரக்கம் இருக்காது.

ஜாம்பியாவை விட்டு வெளியேறும்போது டி.ஐ.பி.யை முடித்துவைத்தீர்களா? பாலத்தில் ஏறும் முன் இன்னொரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் ஜிம்பாப்வேக்குப் புது டி.ஐ.பி., புது இன்சூரன்ஸ். காமேசா மஞ்சள் அட்டை என்ற, பல ஆப்பிரிக்க நாடுகளுக்குப் பொதுவான மூன்றாம் நபர் இன்சூரன்ஸை ஜாம்பியாவில் எடுத்திருந்தால் ஜிம்பாப்வேயிலும் அது செல்லும்.

காகித வேலை போதும் என்று தோன்றுபவர்களுக்குக் குறுக்குவழி: கசானேயிலிருந்து கசுங்குலா சாலை பார்டர் வழியாக நேராக ஜிம்பாப்வே போகலாம். விக்டோரியா ஃபால்ஸ் ஊருக்கு 80 கிலோமீட்டர்தான். ஜாம்பியாவின் செலவும் நேரமும் மிச்சம். ஆனால் அந்த இரண்டு பாலங்களை இழப்பீர்கள்.

ஹ்வாங்கே தேசியப் பூங்காவுக்கு இரண்டு இரவு கொடுங்கள். 14,000 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட காடு அது. விக்டோரியா ஃபால்ஸிலிருந்து புலவாயோ போகும் ரோட்டில் நிலக்கரி லாரிகளும் பள்ளங்களும் உண்டு, வேகம் வேண்டாம். புலவாயோவுக்குத் தெற்கே மட்டோபோ பாறைக் குன்றுகளுக்கு ஒரு பகல். அங்குள்ளவர்களிடம் 'சலிபோனானி', அதாவது வணக்கம், என்று சொன்னால் முகம் மலரும்.

ஏழாம் படி: ஓட்டும்போது

சூரியன் மறைந்தபின் ஓட்டாதீர்கள். மாடு, கழுதை, யானை, விளக்கில்லாத லாரி நான்கும் இருட்டில் ஒரே நிறம். ஆறு மணிக்குள் விடுதி என்று திட்டமிட்டால், விடியற்காலையே கிளம்பும் முதல் நாளைத் தவிர, ஒரு நாளில் 400 கிலோமீட்டருக்கு மேல் போக முடியாது, போகவும் வேண்டாம். போட்ஸ்வானாவில் ஊர் தொடங்கியதும் வேகம் 60. மரத்தடியில் கருவியோடு போலீஸ் நிற்கும். அபராதம் என்றால் ரசீது கேட்டுக் கட்டுங்கள். ரசீது இல்லை என்றால் காவல் நிலையத்தில் கட்டுகிறேன் என்று பொறுமையாகச் சொல்லுங்கள், பெரும்பாலும் அதோடு முடியும்.

திரும்பும் வழியில் பிளம்ட்ரீயில் ஜிம்பாப்வேயின் டி.ஐ.பி.யை ஒப்படைத்து, ஒப்புதல் முத்திரையைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், கட்டடத்துக்கு வெளியே வந்தபின். எதிர்ப்புறம் போட்ஸ்வானாவின் ராமோக்வெபானா, மறுபடியும் மருந்துநீர். ஃபிரான்சிஸ்டவுனில் ஓர் இரவு, மறுநாள் லிம்போபோ. காரைத் திருப்பிக் கொடுக்கும்போது டி.ஐ.பி. நகல்களைக் காட்டுங்கள், ஆனால் கொடுத்துவிடாதீர்கள். பைலை அப்படியே ஒரு வருடம் வீட்டில் வைத்திருங்கள். அபராதச் சீட்டும் சுங்கக் கேள்வியும் மாதங்கள் கழித்தும் வரும்.